தடம் பார்க்கத் தெரிந்தவனுக்கு என்ன விலை?

காவலூர் என்றதும் பலருக்குப் பள்ளிக்கூடப் பொது அறிவுக் கேள்விதான் ஞாபகம் வரும். இந்தியாவிலேயே பெரிய தொலைநோக்கி எங்கே இருக்கிறது? காவலூர். ஒரு மதிப்பெண். அந்த விடை இப்போது செல்லாது (2016-ல் உத்தரகண்ட் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வந்துவிட்டது). ஆனாலும் 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இன்னமும் ஜவ்வாது மலை மேல் உட்கார்ந்து ராத்திரி ராத்திரி வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

அதே மலையில் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தே பிழைத்த ஆட்களும் உண்டு. மலையாளிகள். (கேரளத்து மலையாளி இல்லைங்க. ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும் பழங்குடியினருக்கும் அதுதான் பெயர்.) எந்தப் புதருக்குள் எது போனது, எப்போது போனது, திரும்பி வருமா, வந்தால் எந்த வழியில் வரும் என்று மண்ணைப் பார்த்துச் சொல்லும் கலை அவர்களுடையது. மேலே பார்ப்பவருக்கு மாதச் சம்பளம், குவார்ட்டர்ஸ், ஓய்வூதியம். கீழே பார்ப்பவருக்கு என்ன?

இந்தக் கேள்விக்குப் போவதற்கு முன் கொஞ்சம் அமெரிக்கா வரை போய் வரலாம். செலவில்லை.

கொலராடோ, மொன்டானா, வயோமிங் மாதிரி மாநிலங்களில் இலையுதிர் காலம் வந்தால் எல்க் வேட்டை சீசன். எல்க் என்பது பெரிய ஜாதி மான், ஆண் மான் முன்னூறு கிலோவுக்கு மேல் போகும். வில் அம்பு வேட்டை பெரும்பாலும் செப்டம்பரில் தொடங்கிவிடும். ஆனால் உண்மையான வேட்டை ஜூன், ஜூலையிலேயே ஆரம்பமாகிவிடுகிறது என்று அந்த ஊர் வேட்டைக்காரர்கள் சொல்வார்கள். அதற்கு ஸ்கவுட்டிங் என்று பெயர். முன்கூட்டியே காட்டுக்குள் போய் உளவு பார்ப்பது. எந்தச் சரிவில் மேய்கிறது, எந்தச் சேற்றில் புரள்கிறது, எந்த மரத்தில் கொம்பைத் தேய்த்துப் பட்டையை உரித்திருக்கிறது, வெயில் ஏறினால் எங்கே போய்ப் படுக்கிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறார்கள். பைனாகுலர், மரத்தில் கட்டும் தானியங்கி கேமரா, செயற்கைக்கோள் படத்தில் ஓடையும் புல்வெளியும் எங்கே என்று வீட்டிலிருந்தே தேடுவது என்று இதற்கென்றே ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. கடைசியில் சுடுவது ஒரு நொடி. பார்ப்பது மூன்று மாதம்.

பி.காம் படிக்கிற கூட்டத்துக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். சரக்கை விற்பது ஒரு நாள் வேலை, மார்க்கெட் சர்வே எடுப்பது மாதக் கணக்கு. வேட்டையிலும் அப்படித்தான்.

இன்னொரு கணக்கும் அங்கே இருக்கிறது. 1937-ல் அமெரிக்காவில் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் என்று ஒன்று வந்தது. துப்பாக்கி, தோட்டா வாங்குவோர் கட்டும் கலால் வரி அப்படியே மாநிலங்களின் வனவிலங்குத் துறைக்குப் போய்ச் சேரும். அதோடு லைசென்ஸ் கட்டணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே போயிருந்த எல்க் இன்று பத்து லட்சம் அளவுக்கு இருப்பதற்கு இந்தப் பணமும் ஒரு காரணம். சரி, அந்த முறை நம் ஊருக்கு வரவேண்டும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அங்கே இருக்கிற நிலப்பரப்பு வேறு, ஆள் எண்ணிக்கை வேறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே தடம் பார்க்கிற அறிவுக்குச் சட்டப்படி ஒரு சந்தை இருக்கிறது. வழிகாட்டியாகப் போய்ச் சம்பாதிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

நம் ஊரில் எல்க் ஏது என்று கேட்கலாம். பெயரளவில் இருந்தது! வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கும் இலங்கைக்கும் வந்தபோது நம் கடமானைப் பார்த்து எல்க் என்றே எழுதி வைத்தார்கள். தென் மாவட்டங்களில் மிளா என்பார்கள். இலங்கைத் தமிழர்கள் மரை என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். 1840-களின் கடைசியில் நுவரெலியாவில் போய்க் குடியேறிய சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களையும் ஒரு கத்தியையும் வைத்துக்கொண்டு எல்க் வேட்டையாடியதைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அவர் எல்க் என்று எழுதிய இடத்திலெல்லாம் மரை என்று படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீலகிரியில் 1877-ல் வேட்டைக்காரர்களே கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-ல் மதராஸ் அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. லைசென்ஸ், சுடக்கூடாத காலம், சுடக்கூடாத விலங்கு என்று விதிகள் வந்தன. கண்டபடி சுட்டுத் தள்ளி எண்ணிக்கை குறைந்த பிறகு வந்த ஞானம்தான், ஆனாலும் ஞானம். இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒரு விஷயம் உறுத்தும். துரை சுட்டார் என்று இருக்கும். கொம்பு எத்தனை அங்குலம் என்று இருக்கும். முதல் நாள் விடியற்காலையில் போய் அந்த மான் எங்கே நிற்கும் என்று பார்த்து வந்து சொன்னவன் பெயர் பெரும்பாலும் இருக்காது. "ஷிகாரி" என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும். கென்னத் ஆண்டர்சன் இதில் ஒரு விதிவிலக்கு. பழைய சேலம் மாவட்டக் காடுகளில் தனக்கு வழி காட்டிய பைரா என்ற பூசாரியைப் பெயர் சொல்லி, நண்பன் என்று சொல்லி எழுதினார். அதனாலேயே இன்றும் ஆண்டர்சனைப் படிப்பவர்களுக்குப் பைராவையும் தெரிகிறது.

ஆனால் ஜவ்வாது மலைப் பக்கம் இந்த அறிவுக்கு வெள்ளைக்காரன் வரக் காத்திருக்க வேண்டியதில்லை. மலையடிவாரத்தில் செங்கம் இருக்கிறதல்லவா, அந்தச் செங்கத்து நன்னனைப் பாடியதுதான் பத்துப்பாட்டில் வரும் மலைபடுகடாம். பரிசில் வாங்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. அந்த வழி சொல்லும் லட்சணத்தைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். தினை விளைந்த புனத்தைப் பன்றி அழித்துவிடும் என்று பயந்து, அது நுழையும் இடங்களில் எல்லாம் கல்லால் பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள், விடிந்த பிறகு போங்கள் என்கிற மாதிரி எச்சரிக்கை வருகிறது. பன்றி எந்த இடுக்கில் நுழையும் என்று தெரிந்தவன்தானே அங்கே பொறி வைக்க முடியும்? கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஸ்கவுட்டிங் ரிப்போர்ட் அது.

அந்த அறிவு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் விவரமாகவே பார்க்கலாம். ஏனென்றால் "காட்டுவாசிக்கு அதெல்லாம் ரத்தத்திலேயே ஊறியது" என்று சொல்லிக் கடந்துபோவது ஒரு வசதியான பொய். ரத்தத்தில் ஒன்றும் ஊறுவதில்லை. சின்ன வயதிலிருந்து அப்பன் பின்னாலும் மாமன் பின்னாலும் நடந்து, தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கி, பத்துப் பதினைந்து வருடம் கற்றுக்கொள்வது. சி.ஏ. படிப்பே அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும் (முடித்தவர்கள் மன்னிக்க).

மான் குளம்பு கூராக, இரண்டு பிளவும் சேர்ந்து இதய வடிவில் விழும். பன்றிக் குளம்பு கொஞ்சம் அகண்டு விழும், பின்னால் பக்கவாட்டில் இரண்டு சின்னக் குளம்பின் புள்ளியும் சேர்ந்து பதியும். இது பாலபாடம். அடுத்தது காலம். ஈரமண்ணில் தடத்தின் ஓரம் கூர்மையாக நின்றால் இப்போது போனது. ஓரம் உதிர்ந்து, உள்ளே காற்று கொண்டுவந்த சருகுத்தூள் கிடந்தால் பழையது. தடத்தின் மேல் மழைத்துளிப் பள்ளம் இருந்தால் மழைக்கு முன் போனது, பள்ளத்தை மிதித்துத் தடம் இருந்தால் மழைக்குப் பின். பனி படிந்த புல்லில் ஒரு கோடு மட்டும் கருத்துக் கிடந்தால் பனி விழுந்த பிறகு ஏதோ நடந்திருக்கிறது. ஒற்றையடிப் பாதையின் குறுக்கே சிலந்தி வலை முழுசாக இருந்தால் அந்த வழியே அண்மையில் பெரிதாக எதுவும் வரவில்லை. புழுக்கை பளபளவென்று ஈரமாக இருக்கிறதா, வெளிறி வெடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. அதுதான் கஷ்டம். இன்றைக்கு எங்கே இருக்கும் என்று ஊகிப்பது. இலுப்பைப் பூ கொட்டும் காலத்தில் கரடி எங்கே வரும், நாவல் பழுத்தால் எங்கே, கொன்றைக் காய் முற்றினால் எங்கே, புற்றைப் புதிதாகத் தோண்டியிருக்கிறதா. நெல்லிக்காய் உதிரும் காலத்தில் புள்ளிமான் எந்தச் சரிவில் நிற்கும். கோடையில் எந்தப் பாறையிடுக்கில் மட்டும் தண்ணீர் வற்றாது. உப்பு மண்ணை நக்க எந்த இடத்துக்கு வரும். ஒரு பிடி புழுதியைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும். சாவடிப்பதற்கு மட்டும்தான் இதெல்லாம் பயன்படும் என்று யாராவது சொன்னால் அவர் காட்டுப் பக்கமே போனதில்லை என்று அர்த்தம்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1972-ல் காவலூருக்கு ஒரு மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி வந்தது. வந்த வருடமே வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தைப் பார்த்தார்கள். 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையம் இருப்பதைக் கண்டுபிடித்ததிலும் காவலூருக்குப் பங்கு உண்டு. அதே 1972-ல்தான் டெல்லியில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மேலே பார்ப்பவனுக்குக் கண்ணாடி கிடைத்த வருடத்தில் கீழே பார்ப்பவனின் தொழிலுக்குப் பூட்டு விழுந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் உண்மையில் அப்படி ஒரே நாளில் நடக்கவில்லை. 1972 சட்டத்தில் லைசென்ஸ் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தத்தில்தான் அந்த லைசென்ஸ் முறை எடுக்கப்பட்டது. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்குச் சாகுபடி நிலம், தேன், கடுக்காய், புளி என்று சிறு வனப்பொருள்கள் மேல் உரிமை கொடுத்தது. ஆனால் வேட்டை உரிமை கிடையாது என்று தெளிவாகவே எழுதி வைத்தது.

இது சரியா? சரிதான். இதில் வழவழா கொழகொழா வேண்டாம். இன்று இருக்கிற மக்கள் தொகைக்கும் மிஞ்சியிருக்கிற காட்டுக்கும் வேட்டையைத் திறந்துவிட்டால் பத்து வருடத்தில் ஜவ்வாது மலையில் அணில்கூட மிஞ்சாது. வேட்டை பண்பாடு, பாரம்பரியம், திருவிழா என்று பேசுகிறவர்கள் நாட்டுத் துப்பாக்கியையும் அவுட்டுக்காயையும் பார்க்க வேண்டும். தீனிக்குள் வெடிமருந்து வைத்துச் சுற்றிப் போட்டுவிடுவார்கள். பன்றி கடித்தால் பன்றி, யானை கடித்தால் யானை, மாடு கடித்தால் மாடு. வாய் சிதறிப் பட்டினி கிடந்து சாகும். அதற்குத் தடம் பார்க்கிற அறிவே தேவையில்லை என்பதையும் கவனியுங்கள். கோயில்களில் பாரிவேட்டை என்று சாமியே வேட்டைக்குக் கிளம்புகிறது, எதையும் சுடாமல் சமத்தாகத் திரும்பியும் வருகிறது. மனிதனும் அதையே பின்பற்றலாம் :-)

பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. சட்டம் தடுத்தது சுடுவதை. ஆனால் சுடுவதோடு சேர்ந்து, அதற்கு முந்தைய மூன்று மாத வேலைக்கும் வாங்குபவர் இல்லாமல் போனார். பொருளாதாரத்தில் ஒரு சாதாரண விஷயம் உண்டு. ஒரு சரக்குக்குச் சட்டப்படி வாங்குபவர் இல்லையென்றால் அந்தச் சரக்கு காணாமல் போய்விடாது. சட்டத்துக்கு வெளியே இருப்பவர் வாங்கிக்கொள்வார், அதுவும் அடிமாட்டு விலைக்கு. விற்பவனுக்கு வேறு போக்கிடம் இல்லையே.

ஜவ்வாது மலையில் அதுதான் நடந்தது. முதலில் சந்தன மரம். ஒரு காலத்தில் இந்த மலை சந்தனத்துக்குப் பேர் போனது, திருப்பத்தூரில் அரசுச் சந்தனக் கிடங்கே இருக்கிறது. எந்த மடிப்பில் எந்த மரம் நிற்கிறது என்று தெரிந்தவனைத்தான் கடத்தல்காரன் தேடி வருவான். மலையில் சந்தனம் காலியானதும் ஆந்திரத்துச் செம்மரம். இருட்டில் விளக்கில்லாமல் நடப்பான், தண்ணீர் எங்கே என்று கண்டுபிடிப்பான், சுமை தூக்கி மேடு ஏறுவான், ரோந்து வந்தால் சத்தமில்லாமல் மறைவான். இத்தனை தகுதியும் உள்ள ஆளை வேறு எந்தக் கம்பெனியும் கேம்பஸ் இன்டர்வியூவில் எடுக்காது. ஏஜென்ட் எடுத்தான். முன்பணம் கொடுத்தான்.

2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸார் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். இல்லை, பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். தேசிய மனித உரிமை ஆணையம் வரை போனது. மரத்தை வாங்கிக் கப்பலில் ஏற்றியவர்கள் யாரும் அந்த 20 பேரில் இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். காடு தெரிந்தவனின் அறிவுக்கு அங்கே கிடைத்த விலை சில நாள் கூலி, கடைசியில் ஒரு தோட்டா.

இதற்கு மாற்று இல்லையா என்றால், தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில், மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி. பாம்புத் தோல் வியாபாரத்துக்காக லட்சக்கணக்கில் பாம்பு பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இருளர்கள். 1970-களில் சட்டம் அந்த வியாபாரத்தை நிறுத்தியது. சோற்றுக்கு வழியில்லை. ரோமுலஸ் விட்டேகர் போன்றவர்கள் துணையோடு 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பமானது. பாம்பைப் பிடிப்பது, விஷத்தை எடுப்பது, திரும்பக் காட்டில் விடுவது. இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடுகிற மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போயிருக்கிறது. அறிவு அதே அறிவு. வாங்குபவர் மட்டும் மாறினார்.

அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கே போனார்கள். எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகி அங்கிருந்த சின்னப் பிராணிகளையெல்லாம் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அமெரிக்கர்கள் மோப்ப நாய், ரேடியோ கருவி, பரிசுப் போட்டி என்று எல்லாம் செய்து பார்த்தவர்கள். இவர்கள் கையில் ஒரு கடப்பாரையோடு போய்த் தரையைப் பார்த்தே இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு பிடித்தார்கள். 2023-ல் இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. 1972-க்கு முந்தைய ஒரு தொழிலின் வாரிசுகள் ராஷ்டிரபதி பவனில் போய் விருது வாங்கினார்கள் என்றால், நடுவில் யாரோ உட்கார்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் விதிமுறைகளை எழுதினார்கள் என்று அர்த்தம். (கூட்டுறவுப் பாடத்தைத் தூங்கிக்கொண்டே படிப்பவர்கள் கவனிக்க.)

தேனி எல்லையைத் தாண்டினால் பெரியாறு புலிகள் காப்பகம். அங்கே வயணப்பட்டை திருடியவர்கள், வேட்டையாடியவர்கள் என்று வழக்கில் மாட்டியிருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களை 1990-களின் கடைசியில் கேரள வனத்துறை ஒரு குழுவாக்கியது. அவர்கள் சுற்றுலாக்காரர்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப் போகிறார்கள், அதோடு ரோந்தும் நடக்கிறது. திருடனுக்குத்தானே திருடன் வரும் வழி தெரியும்!

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். தடம் பார்த்துச் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? இந்தியாவில் புலிகளைக் காலடித் தடத்தை வைத்துத்தான் பல பத்தாண்டுகள் எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் கணக்கில் பதினைந்துக்கு மேல் புலி இருந்தது. 2005-ல் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அதன் பிறகுதான் தானியங்கி கேமரா வைத்து எண்ணும் முறை வந்தது. அப்படியிருக்க, பழைய முறையை ஏன் தூக்கிப் பிடிக்க வேண்டும்?

கேமரா வேண்டாம் என்று யார் சொன்னது? கேமராவை எந்த மரத்தில் கட்டுவது என்பதுதான் கேள்வி. புலி, சிறுத்தை நடக்காத வழியில் கட்டினால் காற்றில் ஆடும் புல்லைத்தான் ஆயிரம் படம் எடுக்கும். இன்றைய புலிக் கணக்கெடுப்பிலும் முதல் கட்டம் ஊழியர்கள் காட்டில் நடந்து தடம், எச்சம், கீறல் எல்லாவற்றையும் குறிப்பதுதான். இப்போது அதைக் கைபேசிச் செயலியில் குறிக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சரிஸ்காவில் தோற்றது தடமா, தடத்தைப் பார்த்தவன் சொன்னதை மேலே இருந்தவர்கள் எழுதிக்கொண்ட விதமா என்பதும் யோசிக்க வேண்டியது. வேட்டைக்காரன் தப்பாகச் சொன்னால் அன்றைக்கு அவன் வீட்டில் கறி இல்லை. அலுவலகத்தில் தப்பாக எழுதினால் யாருக்கும் எதுவும் குறையாது.

தமிழ்நாட்டு வனத்துறையிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழங்குடியினர் பலர் அதில் வேலை செய்கிறார்கள். ஆனால் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு மனு கொடுத்துக்கொண்டே வயதாகிறவர்கள். யானை விரட்டுவது, தீ அணைப்பது, ரோந்து, கணக்கெடுப்பு எல்லாவற்றிலும் முன்னால் நடப்பவர் அவர்தான், சம்பளப் பட்டியலில் கடைசியில் இருப்பவரும் அவர்தான். சட்டப்படி வாங்கும் ஒரே ஆள் அரசாங்கம் என்றால், அந்த ஒரே ஆளே விலையை அடித்துப் பேசினால் விற்பவன் என்ன செய்வான்? ஏஜென்ட் நீட்டுகிற முன்பணம் அவனுக்கு நல்ல விலையாகத்தான் தெரியும்.

கடைசியாகப் பன்றிக்கு வருவோம். மலைபடுகடாம் காலத்துப் பன்றியேதான், இன்னமும் புனத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி விஷயத்தில் ஒரு முடிவெடுத்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு மேல் என்றால் வனத்துறையினர் சுடலாம். ஊர் மட்டத்தில் குழு உண்டு. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர், வனவர் இருப்பார்கள். யோசித்துப் போட்ட திட்டம்தான், குறை சொல்ல முடியாது. சமவெளி விவசாயிக்கு உபயோகப்படும்.

ஆனால் ஜவ்வாது மலை ஊர்களில் காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி நிலம் வைத்திருப்பவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுற்றிலும் காடு, நடுவில் ஊர், ஊர் ஓரத்தில் சாமை. பெரும்பாலான கொல்லைகள் அந்த முதல் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். சுடுவதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. விரட்டுவது மட்டும்தான். பன்றி எந்த மடிப்பில் பகலில் படுத்திருக்கிறது, எந்த வழியில் இறங்குகிறது, எத்தனை உருப்படி, குட்டி உண்டா என்று தெரிந்தால் எந்தப் பக்கம் வேலி போடுவது, எந்தப் பக்கம் ஆள் நிறுத்துவது என்று முடிவெடுக்கலாம். அது தெரிந்த ஆள் ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது இன்னமும் இருப்பார். வயதானவராக இருப்பார். அந்தக் குழுவில் அவருக்கு ஒரு நாற்காலியும், மாதம் ஒரு தொகையும், கூட நடந்து கற்றுக்கொள்ள இரண்டு பையன்களும் கொடுக்க அரசாணையில் ஒரு வரி போதும். அந்தப் பையன்களைத்தான் இப்போது ஏஜென்ட் தேடிக்கொண்டிருக்கிறான்.

சாமைக் கதிர் முற்றும் மாதங்களில் வானம் தெளிந்த ராத்திரிகளில் காவலூரில் தொலைநோக்கியின் கூரை திறக்கும். சுற்றியிருக்கிற ஊர்களில் அதே நேரத்துக்குக் கொல்லையில் பரண் கட்டி, பக்கத்தில் ஒரு தகர டின்னும் டார்ச் லைட்டும் வைத்துக்கொண்டு, பன்றி எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரும் விடிய விடியத்தான் பார்க்கிறார்.